சாத்தூர், விருதுநகர் வழி

சிவகாசி ஸ்டேஷன் கவுன்ட்டரில் அன்றைக்குப் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "சாத்தூர் ரெண்டு" என்றேன். தட்டச் சென்ற விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சாத்தூருக்கா சார்? நேர் வண்டி கிடையாதே. விருதுநகர்ல இறங்கி மாறணும்."

"ஆமாம்மா. அப்படியே குடுங்க."

"பஸ்ல போனா முக்கா மணி நேரத்துல போயிரலாம் சார்."

"தெரியும்மா."

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் சத்தமாகவே சொன்னார்: "தலையைச் சுத்தி மூக்கத் தொடுறதா அவருக்கு ஒரு நேர்ச்சை போல. குடுத்து அனுப்பு தாயி, எங்களுக்கு வண்டி வந்துரும்." வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தச் சிரிப்பு எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. கவுன்ட்டருக்கு வரும்போது போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்துக்குள் போனதும் கழற்றிவிடுவேன்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே நேர் ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதற்குள் கம்பிவேலி போட்ட பட்டாசுக் கம்பெனிகள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டால் சாத்தூர் வந்துவிடும். தண்டவாளம் அப்படிப் போடப்படவில்லை. செங்கோட்டையிலிருந்து வருகிற வண்டியில் ஏறி, சாத்தூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே விருதுநகர் வரை போக வேண்டும். அங்கே இறங்கிக் காத்துக் கிடக்க வேண்டும். பிறகு திருநெல்வேலிப் பக்கம் போகிற வண்டி ஒன்றைப் பிடித்து, போன தூரத்தையெல்லாம் வேறொரு தண்டவாளத்தில் திரும்பி வர வேண்டும். காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்குப் போய்ச் சேரலாம், வண்டி தாமதமாகாமல் இருந்தால். நான் வேலை பார்க்கிற காலண்டர் பிரஸ்ஸில் மணிகண்டராஜ் என்று ஒருவன், என்னோடு படித்தவன். அவன் சொல்வான்: "ஏலே, சாத்தூருக்கு ரயில்ல போற ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தாம்லே. நாளைக்கு மாடிக்கு ஏற மதுரை வழியா வருவ." அவனுக்குக் காரணம் தெரியும். தெரிந்ததால்தான் கேலி செய்தான். கேலி செய்யாவிட்டால் வேறு ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

காரணம் என் மனைவி யோகேஸ்வரி. அவள் அந்த ரோட்டில் போக மாட்டாள்.

அவள் அம்மா ராமுத்தாய், என் மாமியார், சாத்தூரிலிருந்து கம்பெனி வேனில் அந்த ரோட்டில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து அடைக்கிற அறை. மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. ஒரு உரசல் போதும். அதனால் காலையில் வேலைக்கு ஏறுகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்கள். எந்த அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று போர்மேன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. வாசலைப் பார்ப்பார். செருப்புக் கிடந்தால் ஆள் உள்ளே. இல்லையென்றால் ஆள் போயாச்சு. அங்கே அதுதான் கணக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதத்தில் ஒரு நாள் அந்த அறை வெடித்தது. நானும் யோகேஸ்வரியும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அறை இருந்த இடத்தில் அறை இல்லை. ஆனால் சற்றுத் தள்ளி, வாசல் திண்டு மட்டும் எப்படியோ தப்பி நின்றது. சுவர் அந்தப் பக்கமாக விழாததால் செருப்புகளும் தப்பியிருந்தன. கருகலும் புழுதியுமாக, சில கவிழ்ந்து, சில நேராக. ஒவ்வொரு வீட்டு ஆட்களும் கயிற்றுக்கு வெளியே குனிந்து நின்று செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு ஜோடியைக் கண்டுகொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அலறியதை நான் இன்னும் கேட்கிறேன். யோகேஸ்வரி வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "எங்கம்மா செருப்பு இல்லைங்க. அம்மா வெளிய வந்துட்டா" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை. மாமியாருடையது ஊதா நிறச் செருப்பு. ஒரு வார் பிய்ந்து, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் தைக்கக் கொடுத்தபோது ஊதா நூல் இல்லை என்று பச்சை நூலில் தைத்துத் தந்திருந்தார்கள். தவறவிட முடியாத அடையாளம். போர்மேனும் கையில் கட்டோடு நின்று, "ராமுத்தாயா? செருப்பு இல்லையே. அப்ப அது கெளம்பிருக்கும்மா" என்றார்.

அதை நம்பித்தான் நாங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடினோம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், மதுரை. ஒவ்வொரு வார்டிலும் யோகேஸ்வரி உள்ளே போய், கட்டுப்போட்டுக் கிடந்த ஒவ்வொருவரிடமும் குனிந்து, "எங்கம்மா ராமுத்தாயைப் பார்த்தீகளா?" என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. பேசும் நிலையிலும் பலர் இல்லை. சில வாரம் கழித்து மதுரையிலிருந்து மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. உறவு பொருந்துகிறது என்று காகிதம் சொன்னது. யோகேஸ்வரியின் அப்பா, சோணைமுத்து மாமா, ஒரு பொட்டலத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். சுடுகாட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. யோகேஸ்வரி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. "காயிதம் ஆயிரம் சொல்லும். செருப்பு பொய் சொல்லுமா?" என்று கேட்டாள். உண்மையில் எனக்கும் அந்த இடம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போனோம். அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் பேச்சு அடங்கியது. முன்சீட்டுப் பெண்கள் வேலிப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோயிலைத் தாண்டும்போது போட்டுக்கொள்வது போலவே. யோகேஸ்வரி எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். வெயிலில் நடந்துகொண்டே சொன்னாள்: "உசிரோட இருக்கவளப் பார்த்து எல்லாரும் கும்பிடுதாக. நானும் அதுக்குள்ள உக்காந்து போனா, நானும் கும்பிட்ட மாதிரிதான?" மறு ஞாயிறு ரயிலில் போனோம். மாமாவுக்கு ஒரு பக்கம் கை விளங்காமல் போயிருந்தது. வாரம் ஒரு நாளாவது போய்ச் சமைத்துத் துவைத்துப் போட்டுவிட்டு வராமல் முடியாது.

நான் சொல்லத் தொடங்கிய அந்த ஞாயிறு, மாமியாருக்கு ரெண்டாம் வருஷ நினைவு நாள். முந்தின நாள் மாமா போனில் என்னிடம் சொல்லியிருந்தார்: "மாப்ளே, போன வருசம் அவ வேண்டாம்னா, விட்டுட்டேன். இந்தத் தடவை நான் படையல் வைக்கப்போறேன். ஒரு சேலை, ஒரு இலை. எம் பொண்டாட்டி ரெண்டு வருசமா எங்கன நிக்காளோ, பசிச்ச வயித்தோட. மக வந்து வெளக்குப் பொருத்துனா சரி. இல்லன்னா இந்தக் கையாலயே பொருத்துவேன்." யோகேஸ்வரியிடம் சொன்னேன். "உசிரோட இருக்கவளுக்கு இலை போட்டா அவ ஆயுசு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். போனால் அப்பாவோடு சண்டை. போகாவிட்டால் அவர் தனியாக அதைச் செய்வார். கிளம்பிவிட்டாள். கையில் வழக்கமான சாப்பாட்டுப் பையோடு, சிவகாசி ரத வீதிச் செருப்புக் கடையின் கவர் ஒன்றும் இருந்தது. "யாருக்கு?" என்றேன். "சொர்ணத்தக்காவுக்கு" என்றாள்.

விருதுநகர் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வண்டி வந்து நின்றாலும் யோகேஸ்வரி எழுந்து, முன்பதிவில்லாப் பெட்டிகளின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பாள். வயதான பெண் என்றால் ஒரு நொடி கூடுதலாக நிற்பாள். வெடிச்சத்தத்தில் காதும் நினைப்பும் போய், யாரோ ஏற்றிவிட்ட வண்டியில் ஏறி, எங்கோ இறங்கிவிட்ட ஒருத்தி திரும்பி வருவதானால் இந்த ஜங்ஷன் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒரு தடவை, அம்மாவைப் போலவே கொண்டை போட்ட ஒரு முதுகைப் பிளாட்பாரத்தின் கடைசி வரை தொடர்ந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "மணி என்னாச்சுப்பா?" என்று கேட்டார். யோகேஸ்வரி மணியைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பிரஸ்ஸில் காலண்டர் தாள் மாதம் மாதமாக விழும்போது கூட, கண்ணின் ஓரத்தில் ஒரு கொண்டை போவதுபோல இருக்கும். நிமிர்ந்தால் மிஷின்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சொர்ணலட்சுமி என்கிற சொர்ணத்தக்கா எங்களுக்கு அந்தப் பிளாட்பாரத்தில்தான் பழக்கம். இருக்கன்குடிக்காரர். எங்களுக்கு நேர் எதிர்த் திசை: சாத்தூரில் ரயிலேறி, விருதுநகரில் மாறி, திருத்தங்கலில் மகள் வீட்டுக்குப் போவார். நாங்களும் அவரும் விருதுநகரில் ஒரே பெஞ்சில் சந்திப்போம். எந்த வெயிலிலும் இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருப்பார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதைத் தரையில் வைத்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் யோகேஸ்வரிதான் பேச்சுக் கொடுத்தாள். "பஸ் இருக்கயில நீங்களும் சுத்திப் போறீகளே யக்கா?" அவர் யோகேஸ்வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார், குரலை எங்கோ கேட்டதுபோல. பிறகு, "பஸ்ஸுன்னா வயித்தப் பெரட்டும் தாயி" என்றார். அதற்குமேல் இவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ரோட்டில் ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கிண்டக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் அடிபட்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர் நன்றாகப் பேசுவார். சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி வந்து, பாதி எங்களுக்கு. "நான் ஒருக்கச் செத்துப் பொளச்சவ தாயி" என்பார் சிரித்துக்கொண்டு. "எம் புருசன் ஒரு நா முழுக்க எனக்காக அழுதாரு. மறுநா நான் உசிரோட இருக்கேன்னு தெரிஞ்சதும், அழுத காச வாபஸ் குடுன்னாரு." ஏதோ ஆஸ்பத்திரிக் கதை என்று நாங்களும் சிரித்தோம். அவர் காலில் செருப்புப் போடுவதில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டுதல், ஆடியோடு முடியும் என்றார். ஆடி முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை போயிற்று. பிளாட்பாரத்துச் சிமெண்ட் கொதிக்கிற நேரத்தில் அவர் குதிகாலை மட்டும் ஊன்றி ஊன்றி நடந்து வருவதைப் பார்த்து யோகேஸ்வரி உச்சுக்கொட்டுவாள். "எங்கம்மா வயசுதான் இருக்கும் போல" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அவ்வளவு வயது இல்லை. நான் திருத்தவில்லை.

அன்றைக்கும் பெஞ்சில் இருந்தார். மஞ்சள் பை மடியில். யோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்ததும் கவரைப் பிரித்தாள். மெத்தென்ற அடிப்பாகம் வைத்த பழுப்புச் செருப்பு. அளவு சரியாக இருக்குமா என்று போன வாரமே அவர் கால் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு இப்போதுதான் அது விளங்கியது.

"ஆடியோட முடியிதுன்னீக. மாசி வந்துருச்சு. ஆத்தாவே போதும்டி மகளேன்னு சொல்லிருவா. போடுங்க யக்கா."

சொர்ணலட்சுமி அந்தச் செருப்பைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம் தாயி."

"விலை ஒண்ணும் சாஸ்தி இல்ல. சும்மா போடுங்க."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல."

"அட, நானே மாட்டி விடுதேன்" என்று யோகேஸ்வரி குனிந்து அவர் காலைப் பிடித்தாள். அவர் வெடுக்கென்று இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தலைப்பு நழுவியது. இடது கை முழங்கை வரைக்கும் வழவழவென்று, உருகி உறைந்த மெழுகு போல இருந்தது. எங்கள் ஊரில் அந்தத் தோலைப் பார்த்தால் பட்டாசுத் தீ என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யோகேஸ்வரி குனிந்தபடியே இருந்தாள்.

"யக்கா, நீங்க எந்தக் கம்பெனில இருந்தீக?"

சொர்ணலட்சுமி மஞ்சள் பையின் வாயைப் பிரித்தார். நான் நின்றுகொண்டிருந்ததால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஊதா நிறம். அந்த நேரத்தில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: பையை மூடச் சொல்ல வேண்டும். 'வண்டி வந்துருச்சு, வா யோகு' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இரண்டு வருஷமாக இந்தச் சுற்று எப்போது முடியும் என்று கிடந்தவன் நான். ஆனாலும் அது முடிவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதற்குள் சொர்ணலட்சுமி செருப்பை வெளியே எடுத்து மடியில் வைத்தார். பச்சை நூல் அழுக்கேறாமல் இருந்தது.

"வேலைக்குச் சேந்து ஒரு வாரந்தான் ஆச்சு எனக்கு. பக்கத்துல உங்கம்மா உக்காந்திருந்தா. தண்ணித் தொட்டி அங்கிட்டு வேப்பமரத்தடியில. நான் குடிக்கப் போறேன்னேன். என் செருப்பு வரிசைல அங்கன கடைசியில கெடந்துச்சு. 'வாசல்ல என்னுது கெடக்கு பாரு, அத மாட்டிக்கிட்டுப் போடி, முள்ளு கெடக்கும்'னா. எல்லாரும் அப்படித்தான் தாயி, எவ செருப்பு கிட்டக் கெடக்கோ அத மாட்டிக்கிட்டுப் போவோம். தொட்டிகிட்டப் போயிச் செம்பக் கையில எடுத்தேன்."

அவர் நிறுத்தினார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சரக்கு வண்டி தட்டுத் தடுமாறி நகர்ந்தது.

"அதனால என் செருப்பு வாசல்ல. எம் புருசன் அதப் பாத்துட்டு அழுதாரு. உங்கம்மா செருப்பு எங்கால்ல. நீ அது அங்கன இல்லன்னு சிரிச்ச."

"நான் சிரிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாத்தூர் ஆஸ்பத்திரியில கெடந்தேன். தலையையும் கண்ணையும் சேத்துக் கட்டு. நீ வந்து கேட்ட. ஒவ்வொரு கட்டிலாக் கேட்டுட்டு வந்த. எங்கிட்டயுங் கேட்ட. 'அம்மா வெளிய வந்துட்டா, செருப்பு இல்ல அங்கன'ன்னு சொன்ன. அம்புட்டுச் சந்தோசமாச் சொன்ன தாயி. எங்கட்டிலுக்கு அடியில இது கெடக்கு. நாக்கு வெந்திருக்கலை எனக்கு. பேசியிருக்கலாம்." அவர் கண்களைத் துடைக்கவில்லை. "பெறகு இங்கன, இந்தப் பெஞ்சில, நீ பேசுன உடனே அந்தக் குரல்னு தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு வாரமும் எடுத்துட்டு வாரேன். ஒவ்வொரு வாரமும் திருப்பிக் கொண்டு போறேன். வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னொரு செருப்புல காலை நொளைக்க முடியல என்னால."

யோகேஸ்வரி இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அடித்துவிடுவாளோ என்றும் பயந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"வேற என்ன சொன்னா எங்கம்மா?"

"தாயி…"

"சொல்லுங்க. செருப்ப மாட்டிக்கிட்டுப் போன்னா. அப்புறம்?"

சொர்ணலட்சுமியின் வாய் கோணியது. "வரும்போது எனக்கும் ஒரு செம்பு கொண்டான்னா."

எங்கள் வண்டி இன்னும் சற்று நேரத்தில் வரும் என்று ஒலிபெருக்கி தமிழில் சொல்லி, பிறகு மற்ற மொழிகளில் சொன்னது. யோகேஸ்வரி ஊதாச் செருப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். பெருவிரல் பதிந்த பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அதைக் கவரில் போட்டுக்கொண்டு, பழுப்புச் செருப்பை எடுத்து, சொர்ணலட்சுமியின் கால்களுக்கு முன்னால் சிமெண்ட் தரையில் சேர்த்து வைத்தாள்.

"மாட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். "முள்ளு கெடக்கும்."

வண்டி வந்தது. அவள் ஜன்னல்களைப் பார்க்காமல் நேராக ஏறினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு நான்தான் வெளியே பார்த்தேன். வண்டி நகரும்போது சொர்ணலட்சுமி அதே பெஞ்சில், காலை உள்ளே இழுத்தபடியே இருந்தார். பழுப்புச் செருப்பு முன்னால் இருந்தது, காத்திருப்பது போல. தூண் மறைத்துவிட்டது.

எதிர்சீட்டில் ஒரு பெண் வெள்ளரிப் பிஞ்சு விற்றாள். வேண்டாம் என்று யோகேஸ்வரி தலையசைத்தாள். எனக்கு என்னவோ கணக்குகள் ஓடின. அந்தச் செருப்பு எங்கேயும் தொலைந்து போகவில்லை. இருக்கன்குடியில், மாமா வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில், சொர்ணலட்சுமியின் வீட்டில் இருந்திருக்கிறது. ஞாயிறு ஞாயிறாக விருதுநகருக்கு வந்து, எங்கள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு வண்டியின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா வீடு சாத்தூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெரு. கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் பலகை போட்டு, அதில் புதுச் சேலை மடித்து வைத்து, வாழையிலையை ஒற்றைக் கையால் விரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். சண்டைக்குத் தயாராகிற முகம்.

"வா தாயி. நீ என்ன சொன்னாலும் சரி, இன்னைக்கு நான் வைக்கத்தான் செய்வேன். மாப்ளே, நீங்களே சொல்லுங்க அவகிட்ட."

யோகேஸ்வரி தன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். கவரிலிருந்து ஊதாச் செருப்பை எடுத்து, வாசற்படிக்கு வெளியே, உள்ளே நுழைகிற ஒருவர் கழற்றிப் போடுவதுபோல, முனை வீட்டைப் பார்த்திருக்க ஜோடியாக விட்டாள். ஒன்று சற்றே கோணியிருந்தது. குனிந்து நேராக்கினாள், பிறகு என்ன நினைத்தாளோ, பழையபடி கோணலாகவே விட்டுவிட்டாள். அடுப்படிக்குள் போனாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மாமா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்காத கை மடியில் கிடந்தது. மற்றக் கையிலிருந்த இலை மெல்லச் சுருண்டு மூடிக்கொண்டது. பச்சை நூலை அவருக்குத் தெரியும். தைக்கக் கொடுத்தவரே அவர்தான். என்னைப் பார்த்தார். பிறகு அறைக்குள், சேலை இருந்த பலகைக்கும் அடுப்படிக் கதவுக்கும் நடுவே காலியாகக் கிடந்த தரையைப் பார்த்தார்.

"யாரு… உள்ள வந்திருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

யோகேஸ்வரி செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். தளும்பாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, அதைப் பலகைக்கு முன்னால் தரையில் வைத்தாள். தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உரசவில்லை. தெருவுக்கு அப்பால் வடக்கே போகிற வண்டி ஒன்று ஊதிக்கொண்டு கடந்தது. சுவர் லேசாக அதிர்ந்தது. வண்டி போய் வெகுநேரம் ஆன பிறகும் செம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.